சாவிக்கொத்து விளக்கும் இரவுக் கண்ணும்

மைசூரு அரண்மனையைப் பார்க்காதவர்கள்கூட அதன் விளக்குகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் மாலை 7 மணிக்கு அங்கே விளக்குகள் எரியும். தசராத் திருவிழா நாட்களிலும் எரியும். ஏறத்தாழ 97,000 பல்புகள்! அரண்மனை முழுவதும் தங்கம் போல மின்னும்.

சிறிது நேரம் சென்றதும் எல்லா விளக்குகளையும் ஒரே நேரத்தில் அணைத்துவிடுவார்கள். அப்போது என்ன நடக்கிறது? பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண் இருட்டிவிடுகிறது. பக்கத்தில் நிற்பவர் முகம்கூடச் சரியாகத் தெரிவதில்லை. தெருவிளக்கு எரிகிறது. கண்ணும் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் தெரியவில்லை?

இதே சங்கடம் கிராமத்தில் தினமும் வருகிறது. அங்கே 97,000 பல்புகள் வேண்டாம். சட்டைப் பையில் உள்ள ஒரு சின்ன விளக்கே போதும்.

பையில் ஒரு விளக்கு

மைசூரு நகரத்துக்கு மின்விளக்கு வந்தது 1908-இல். காவிரி ஆற்றில் உள்ள சிவசமுத்திரத்தில் அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1902-இல், மின்சாரம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த மின்சாரம் முதலில் கோலார் தங்க வயலுக்குப் போனது. பிறகுதான் மைசூருக்கு வந்தது. கிராமங்களுக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

அந்தக் காலத்து மக்கள் நிலா வெளிச்சத்தில் நடந்தார்கள். நிலா இல்லாத நாளில் நட்சத்திர வெளிச்சத்தில் நடந்தார்கள். கையில் அரிக்கேன் விளக்கு இருந்தால் அது பெரிய வசதி.

இன்று நிலைமை வேறு. சாவிக்கொத்தில் மாட்டும் சின்ன விளக்கு கடைத்தெருவில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. கட்டை விரல் அளவுதான் இருக்கும். அமுக்கினால் வெள்ளை வெளிச்சம் பளிச்சென்று வரும்.

ஒரு விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்கு வேண்டிய மும்முனை மின்சாரம் சில ஊர்களில் இரவில்தான் வருகிறது. அவர் நடு இரவில் எழுந்து வயலுக்குப் போகிறார். மோட்டார் கொட்டகையில் சுவிட்சைத் தேடுகிறார். சாவிக்கொத்து விளக்கை அமுக்குகிறார். சுவிட்ச் தெரிகிறது. மோட்டார் ஓடுகிறது. விளக்கை அணைத்துவிட்டு வெளியே வருகிறார். வரப்பு தெரியவில்லை. வாய்க்கால் தெரியவில்லை. வரும்போது தெரிந்த மரம்கூட இப்போது தெரியவில்லை. காலைத் தடவித் தடவி வைக்கிறார்.

விளக்கு அவருக்கு உதவி செய்தது. ஆனால் அவருடைய இரவுப் பார்வையைப் பறித்துக்கொண்டது.

பகல் கண், இரவுக் கண்

நம் ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் இரண்டு கண்கள் இருக்கின்றன என்று சொன்னால் நம்புவீர்களா? ஒன்று பகலுக்கு. மற்றொன்று இரவுக்கு.

கண்ணின் உள்சுவரில் விழித்திரை என்ற மெல்லிய படலம் இருக்கிறது. வெளிச்சத்தை உணரும் செல்கள் அதில்தான் உள்ளன. அவை இரண்டு வகை.

ஒரு வகை, கூம்பு போன்ற வடிவம் உள்ளவை. இவற்றைக் கூம்புச் செல்கள் என்பார்கள். ஒரு கண்ணில் ஏறத்தாழ 60 லட்சம் உண்டு. இவை நல்ல வெளிச்சத்தில் வேலை செய்யும். நிறங்களைப் பிரித்துக் காட்டும். எழுத்துப் படிப்பதும் ஊசியில் நூல் கோப்பதும் இவற்றால்தான்.

மற்றொரு வகை, குச்சி போன்ற வடிவம் உள்ளவை. இவை குச்சிச் செல்கள். ஒரு கண்ணில் ஏறத்தாழ 12 கோடி உண்டு. இவற்றுக்கு நிறம் தெரியாது. ஆனால் மிக மங்கலான வெளிச்சம் போதும். நட்சத்திர வெளிச்சத்தில் நாம் வழி பார்ப்பது இவற்றால்தான்.

குச்சிச் செல்லுக்குள் ரொடாப்சின் என்ற பொருள் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் இது சிதைந்து நிறம் வெளுத்துப்போகும். இருட்டில் மறுபடியும் சேரும். கண்ணுக்குள் ஒரு தொட்டி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் தொட்டி மெல்ல மெல்ல நிறையும். பளிச்சென்ற வெளிச்சம் பட்டால் நொடியில் காலியாகும்.

தொட்டி நிறைய எவ்வளவு நேரம் ஆகும்? ஏறத்தாழ அரை மணி நேரம். முதல் ஐந்து, பத்து நிமிடங்களில் ஓரளவு தெரியத் தொடங்கும். அரை மணி நேரம் சென்றால் நன்றாகத் தெரியும். அப்போது கண்ணின் கூர்மை பல ஆயிரம் மடங்கு கூடியிருக்கும். விவசாயியின் கண் வீட்டிலிருந்து வயல் வரை நடந்துவந்த நேரத்தில் இருட்டுக்குப் பழகியிருந்தது. சில நொடி வெளிச்சம் அதைக் கெடுத்துவிட்டது.

செம்பருத்தி சொல்லும் பாடம்

உங்கள் வீட்டில் செம்பருத்திச் செடி இருக்கிறதா? ஒரு நாள் மாலை அதன் அருகே உட்கார்ந்து பாருங்கள். பகலில் பூ பளிச்சென்று சிவப்பாக இருக்கும். பொழுது சாயச் சாயப் பூவின் நிறம் மங்கும். இருட்டத் தொடங்கும்போது பூ ஏறத்தாழக் கறுப்பாகத் தெரியும். ஆனால் சுற்றியுள்ள பச்சை இலை பூவைவிட வெளிறித் தெரியும்.

பூவின் நிறம் மாறவில்லை. நம் கண்தான் மாறியது. பகல் கண் ஓய்வு எடுக்கிறது. இரவுக் கண் வேலைக்கு வருகிறது. இரவுக் கண்ணுக்குச் சிவப்பு ஒளி தெரியாது என்றே சொல்லலாம். பச்சை ஒளியும் நீல ஒளியும்தான் அதைத் தூண்டும்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? மங்கலான சிவப்பு விளக்கை ஏற்றினால், பகல் கண் அதைக் கொண்டு பார்த்துக்கொள்ளும். இரவுக் கண்ணுக்கு அந்த விளக்கு எரிவதே பெரிதாகத் தெரியாது. தொட்டி காலியாகாது.

இந்த உண்மையைப் பலர் பயன்படுத்தியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் இரவில் பறக்க வேண்டிய விமானிகள், புறப்படும் முன்பே சிவப்புக் கண்ணாடி அணிந்துகொண்டார்கள். அறையில் விளக்கு எரிந்தாலும் அவர்கள் கண் இருட்டுக்குப் பழகியது.

நட்சத்திரங்களை ஆராய்பவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையில் காவலூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பெரிய வானாய்வு நிலையம் உள்ளது. அதன் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்கி வருகிறது. வேணு பாப்பு என்ற அறிவியலாளரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டுள்ளது. இரவில் வானத்தைக் கண்ணால் பார்ப்பவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும், குறிப்பு எழுதவும் படம் பார்க்கவும் மங்கலான சிவப்பு விளக்கையே வைத்துக்கொள்வார்கள்.

வெள்ளை விளக்குக்குள் நீலம்

சாவிக்கொத்து விளக்கில் இருப்பது எல்.இ.டி. இதில் கம்பி இழை இல்லை. ஒரு சிறு படிகத் துண்டில் மின்சாரம் பாயும்போது ஒளி வரும். சிவப்பு எல்.இ.டி. முதலில் வந்தது. நீல எல்.இ.டி. செய்வதுதான் கடினமாக இருந்தது. ஜப்பானில் பிறந்த அறிவியலாளர்கள் மூவர் அதைச் செய்து காட்டினார்கள். அகசாகி, அமானோ, நகமுரா என்பவை அவர்கள் பெயர்கள். 2014-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி.தான். அதன் மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சு ஒன்று இருக்கும். நீலமும் மஞ்சளும் சேர்ந்து வெள்ளையாகத் தெரியும். இரவுக் கண்ணை அதிகமாகத் தூண்டுவது நீலமும் பச்சையும் அல்லவா? அவை இரண்டும் இந்த வெள்ளை வெளிச்சத்தில் நிறைய உண்டு. சின்ன விளக்கு பெரிய தொல்லை தருவது இதனால்தான்.

விளக்கை மாற்றுவது எப்படி?

இதற்குப் பெரிய செலவு இல்லை. மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி: சிவப்புக் கண்ணாடிப் பேப்பர். பரிசுப் பொருள் சுற்றவும் தோரணம் கட்டவும் பயன்படும் பேப்பர் இது. ஒரு சிறு துண்டை எடுத்து மூன்று, நான்கு மடிப்பாக மடியுங்கள். விளக்கின் முனையை மூடி, நூலால் கட்டுங்கள். அல்லது ரப்பர் பேண்டு போடுங்கள். ஒரு மடிப்பு போதாது. அதன் வழியே நீலமும் பச்சையும் கசியும். வெள்ளை வெளிச்சம் வேண்டும் என்றால் பேப்பரைக் கழற்றிவிடலாம். புதிதாகச் செய்பவர்களுக்கு இதுவே நல்ல வழி.

இரண்டாம் வழி: சிவப்பு நெயில் பாலிஷ். எல்.இ.டி.யின் முனையில் மெல்லியதாகப் பூசுங்கள். காய்ந்ததும் மறுபடி பூசுங்கள். இரண்டு, மூன்று பூச்சு வேண்டும். பக்கவாட்டிலும் வெள்ளை வெளிச்சம் கசியாமல் பூச வேண்டும்.

மூன்றாம் வழி: எல்.இ.டி.யையே மாற்றுவது. ரேடியோ, டி.வி. பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் செய்து தருவார். வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். சிவப்புக்கு 2 வோல்ட் போதும். பல விளக்குகளில் 3 வோல்ட் பேட்டரி இரண்டு அடுக்கி வைத்திருப்பார்கள். மொத்தம் 6 வோல்ட். அது சிவப்புக்கு அதிகம். ஆகவே 1,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இடையில் சேர்க்கச் சொல்லுங்கள். வெளிச்சம் அளவாக வரும். பேட்டரியும் நெடுநாள் உழைக்கும். எல்.இ.டி.யின் நீளமான கால் பேட்டரியின் பிளஸ் பக்கம் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் எரியாது.

மாற்றிய விளக்கு சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இருட்டறையில் ஒரு பச்சை இலையின் மேல் அடித்துப் பாருங்கள். இலை கறுப்பாகத் தெரிந்தால் விளக்கு சரி. பச்சையாகத் தெரிந்தால் இன்னும் ஒரு மடிப்பு சேர்க்க வேண்டும்.

நிறம் மட்டும் போதாது. வெளிச்சம் மங்கலாகவும் இருக்க வேண்டும். சிவப்பாக இருந்தாலும் கண் கூசும் அளவு வெளிச்சம் பார்வையைக் கெடுக்கும். செய்தித்தாளின் தலைப்பைப் படிக்க முடிந்தால் போதும்.

செய்து பார்ப்போம்

இதை வீட்டில் இருவராகச் செய்யலாம். விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு அரை மணி நேரம் பேசிக்கொண்டு இருங்கள். பிறகு ஒரு கண்ணை உள்ளங்கையால் நன்றாக மூடுங்கள். வெள்ளை விளக்கைச் சுவரில் அடித்து, திறந்த கண்ணால் அந்தச் சுவரை அரை நிமிடம் பாருங்கள். விளக்கை நேராகப் பார்க்க வேண்டாம். இப்போது விளக்கை அணையுங்கள். முதலில் ஒரு கண்ணால், பிறகு மற்றொரு கண்ணால் அறையைப் பாருங்கள்.

மூடியிருந்த கண்ணுக்குக் கதவும் சன்னலும் தெரியும். திறந்திருந்த கண்ணுக்கு இருட்டுத்தான் தெரியும்.

மறுநாள் இதையே மாற்றிய சிவப்பு விளக்கைக் கொண்டு செய்யுங்கள். இரண்டு கண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. யாரும் சொல்லி நம்ப வேண்டியதில்லை. உங்கள் கண்ணே சாட்சி.

எப்போது சிவப்பு? எப்போது வெள்ளை?

ஓர் எச்சரிக்கையை நன்றாக நினைவில் வைக்க வேண்டும். சிவப்பு விளக்கு எல்லா வேலைக்கும் ஆகாது.

பாதையில் நடக்கும்போது வெள்ளை விளக்கே வேண்டும். கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் இரவில் நடமாடும் பாம்புகள். மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் அவை மண்ணோடு மண்ணாகத் தெரியும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். கர்நாடக அரசு 2024-இல், பாம்புக் கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று அறிவித்தது. ஆகவே நடக்கும்போது நல்ல டார்ச்சு வேண்டும். வெளிச்சம் காலடியில் விழ வேண்டும். காலில் செருப்போ பூட்சோ இருக்க வேண்டும். பாம்பு கடித்துவிட்டால் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருந்து எடுக்கும்போதும் வெள்ளை விளக்கே வேண்டும். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மாத்திரையும் வெள்ளை மாத்திரையும் ஒன்று போலத் தெரியும். சிவப்பு மையில் அச்சிட்ட எச்சரிக்கை கண்ணுக்கே தெரியாது. காயத்தில் வரும் ரத்தமும் சரியாகத் தெரியாது. மின்சாரக் கம்பியின் நிறத்தையும் இதில் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

சரி, சிவப்பு விளக்கு எதற்கு உதவும்? ஓரிடத்தில் இருந்துகொண்டு செய்யும் வேலைக்கு உதவும்.

மைசூரு மாவட்டத்தில் எச்.டி. கோட்டைப் பக்கம் காட்டை ஒட்டி வயல்கள் உள்ளன. நாகரஹொளே, பண்டிப்பூர் காடுகளிலிருந்து யானைகள் இரவில் ராகியும் வாழையும் தின்ன வரும். காவல் இருப்பவர்களுக்கு இருட்டில் தூரத்து அசைவு தெரிய வேண்டும். மணி பார்க்கவும் தீப்பெட்டி தேடவும் அடிக்கடி வெள்ளை விளக்கைப் போட்டால் கண் கெட்டுவிடும். யானை பக்கத்தில் வந்த பிறகே தெரியும். அவர்கள் சிவப்பு விளக்கால் மணி பார்த்துக்கொள்ளலாம். யானை வருவது தெரிந்தால் அருகே போகாமல் வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

மோட்டார் கொட்டகையிலும் சுவிட்சைப் பார்க்கச் சிவப்பு விளக்கு போதும். வீட்டில் கைக்குழந்தையை இரவில் பார்க்கவும் அது நல்லது. தூங்குபவர்கள் விழித்துக்கொள்ள மாட்டார்கள்.

குழந்தைக்கு எட்டாத இடத்தில்

இந்த விளக்கில் உள்ள பேட்டரி சிறு காசு போல வட்டமாக இருக்கும். குழந்தைகள் மிட்டாய் என்று நினைத்து வாயில் போடலாம். இது தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக் குழாயை அரித்துவிடும். உயிருக்கே ஆபத்து. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. விளக்கைக் கழற்றும்போது குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம். தீர்ந்துபோன பேட்டரியும் ஆபத்தானதுதான்.

அரை மணி நேரம் ஆகியும் தெரியவில்லையா?

சிலருக்கு இருட்டில் எவ்வளவு நேரம் இருந்தாலும் பார்வை வராது. பொழுது சாய்ந்தால் தடுமாறுவார்கள். இதை மாலைக்கண் என்கிறோம். இதற்கு விளக்கின் மேல் பழி போட முடியாது.

குச்சிச் செல்லில் உள்ள ரொடாப்சினைச் செய்ய உடலுக்கு வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் தொட்டி நிறையாது. முருங்கைக் கீரை, பப்பாளி, மாம்பழம், கேரட், மஞ்சள் பூசணி, பால், முட்டை ஆகியவற்றிலிருந்து வைட்டமின் ஏ கிடைக்கும். இந்திய அரசு 1970 முதல் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் கொடுத்து வருகிறது. 9 மாதம் முதல் 5 வயது வரை இதைக் கொடுக்க வேண்டும். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள்.

கண்புரையாலும் பரம்பரை நோயாலும்கூட இரவுப் பார்வை குறையலாம். கண் மருத்துவரிடம் காட்டினால் காரணம் தெரியும்.

பிறர் கண்ணையும் காப்போம்

நம் விளக்கு நம் கண்ணை மட்டும் கெடுப்பதில்லை. எதிரே வருபவர் முகத்தில் டார்ச்சு அடித்தால் அவருக்கு வழி தெரியாது. வண்டியில் போகும்போது டிம் செய்யாவிட்டால், எதிரே சைக்கிளில் வருபவர் பள்ளத்தில் விழலாம்.

லடாக்கில் ஹன்லே என்ற இடம் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலே உள்ளது. அங்கேயும் வானாய்வு நிலையம் இருக்கிறது. 2022-இல் அந்தப் பகுதியை இருள் வானக் காப்பகம் என்று அறிவித்தார்கள். அங்குள்ள கிராம மக்கள் சன்னலுக்குத் திரை போடுகிறார்கள். வெளி விளக்குகளுக்கு மறைப்பு வைக்கிறார்கள். வானத்தைப் பார்க்க வருபவர்களுக்கு உள்ளூர் ஆண்களும் பெண்களும் தொலைநோக்கியில் நட்சத்திரங்களைக் காட்டுகிறார்கள். இருட்டைக் காப்பாற்றியதால் அவர்களுக்கு வருமானம் கிடைக்கிறது.

விளக்கு வேண்டும். அது வேண்டிய இடத்தில், வேண்டிய நிறத்தில், வேண்டிய அளவு வேண்டும்.

நினைவில் வைப்போம்

இருட்டுக்குக் கண் பழக ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். வெள்ளை விளக்கு அதை நொடியில் கெடுக்கும்.

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மங்கலான சிவப்பு விளக்கு.

நடக்கவும், மருந்து எடுக்கவும், காயம் பார்க்கவும் வெள்ளை விளக்கு.

பேட்டரி குழந்தைக்கு எட்டக் கூடாது.

இருட்டில் எப்போதுமே தெரியவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.